ஆத்தூரிலிருந்து இருபத்தேழு நிமிஷம்

அத்தியாயம் 7

ஏரோப்ளேன் தரையைத் தொட்டது, எகிறியது, மறுபடி தொட்டது, மைதானத்தின் கடைக்கோடி வரை தடதடவென்று ஓடி ஒருவழியாக நின்றது. கதவு முழுசாகத் திறப்பதற்குள் உபகாரசாமி வெளியே குதித்தான். நாலே எட்டில் ஓரத்துக்குப் போய்க் குனிந்து, ஆத்தூரில் தின்ற இட்லிகளை எல்லாம் சேந்தமங்கலத்து மண்ணுக்குக் காணிக்கை செலுத்தினான்.

மயிலம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கை அடைத்துக்கொண்டு இறங்கினாள். சேலம் பெண்கள் ஜெயிலில் பன்னிரண்டு வருஷம் வார்டராகக் குப்பை கொட்டியவள். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறியக் கிளம்பியபோது, இனி நாற்றத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தாள். விமானத்துக்குள் கருகிய எண்ணெய் நாற்றம். அதன்மேல் மிட்டாதார் பூசியிருந்த அத்தர் நாற்றம். அதன்மேல் இப்போது உபகாரசாமி.

"இருபத்தேழு நிமிசம்!" ஓட்டுகிற ஆசனத்திலிருந்து மிட்டாதார் சுவாமிநாதன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "ரோட்டுல வந்தா சேலம் போயி ராசிபுரம் சுத்தோணும். அறுவத்தஞ்சு மைலு, மூணு மணி நேரம், இடுப்பு கழண்டு போயிரும். ஆகாசத்துல முப்பத்திமூணே மைலு. எப்புடி இருந்துச்சு அம்மணி?"

"நல்லாருந்துச்சுங்க," என்றாள் மயிலம்மாள்.

"இட்லிக்கு இன்னும் சீக்கிரம்ங்க," என்றான் உபகாரசாமி வாயைத் துடைத்தபடி. "போறதுக்கும் வர்றதுக்கும் பத்தே நிமிஷம்."

மிட்டாதார் தொப்பை குலுங்கச் சிரித்தார். எண்ணெய்க் கையை ஆசனத்திலேயே துடைத்தார். மச்சினனைப் பறிகொடுத்து இரண்டு மாசம்கூட முடியாத மனிதர், ரேக்ளாப் பந்தயத்தில் முதலாவது வந்தவர் மாதிரி சிரிக்கிறாரே என்று மயிலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பரம்பரை நிலக்கிழாரான மிட்டாதாருக்கு ஆத்தூரில் அரிசி மில், சேந்தமங்கலத்தில் பங்களா, ஊருக்கொரு மைதானம், நடுவில் பறக்க இந்த விமானம். பங்களாவும் அதைச் சுற்றியிருந்த நிலமும் மட்டும் மச்சினன் நல்லதம்பியின் பேரில் இருந்தன. தை மாசத்தில் ஒரு விடியற்காலை, அந்த நல்லதம்பி பங்களாவில் மண்டை உடைந்து கிடந்தான்.

அதே விடியற்காலை, மிட்டாதாரின் பைலட் மிக்கேல் ஆத்தூரிலிருந்து தன்னந்தனியாக விமானத்தில் பறந்து, ஒரு மணி நேரம் கழித்து ஆத்தூரிலேயே இறங்கினான். "என்ஜினை ஒரு மணி நேரம் மேலே ஓட்டிப் பார்க்கச் சொன்னதே எசமான்தான்" என்றான் மிக்கேல். "நான் சொல்லவேயில்லை, அந்த வாரம் பூராவும் ஆத்தூரைவிட்டு அசையவுமில்லை" என்றார் எசமான். முந்தின வாரம் மில்லில் பத்துப் பேர் பார்க்க மிக்கேலை நல்லதம்பி அறைந்திருந்தான். சேந்தமங்கலம் மைதானத்தின் காவல்காரனும் அவன் பெண்டாட்டியும், "ஏரோப்ளேன் வந்து எறங்கிட்டுப் போச்சு" என்று சாட்சி சொன்னார்கள். போக இருபத்தேழு நிமிஷம், வர இருபத்தேழு நிமிஷம், நடுவில் ஒரு அடிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இன்ஸ்பெக்டர் கணக்கை முடித்துப் பேனாவை மூடிவிட்டார்.

நாளை மறுநாள் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. சாட்சி நின்றால் மிக்கேலுக்குத் தூக்கு. அவன் பெண்டாட்டி ரோசி மயிலம்மாளின் வாசலில் வந்து நின்றபோது அழக்கூட இல்லை. "அவரு பொய் சொன்னா காது செவந்துரும்ங்க்கா. இதைச் சொல்லும்போது செவக்கலை" என்று மட்டும் சொன்னாள்.

"ரோசிக்காக வந்தாலும் நானே கூட்டியாந்துட்டேன், எனக்கு மறைக்க என்ன இருக்குது? சாட்சிகளை நல்லாக் கேட்டுக்குங்க," மிட்டாதார் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். "பங்களாவுல கோழி வறுத்து வெச்சிருப்பான். ஒரு வாய் சாப்புட்டுப்போட்டு வாரேன்."

மாந்தோப்புக்குள் புகுந்து போனார். தோப்புக்கு அந்தப் பக்கம் பங்களா. இங்கிருந்து பார்த்தால் ஓடுகூடத் தெரியாது.

"அக்கா, மச்சினன் செத்த அதே ஊட்லயா கோழி?" என்றான் உபகாரசாமி.

"அதே கூடம்தான். கழுவி விட்டிருப்பாங்க." மயிலம்மாள் எச்சிலைக் கூட்டித் துப்பினாள். "நட."

உபகாரசாமி முன்னே பஸ் கண்டக்டராக இருந்தவன். பிரயாணிகளைக் கேலி பண்ணியே வேலை போயிற்று. மயிலம்மாளிடம் சேர்ந்த பிறகு சாட்சிகளைக் கேலி பண்ணுகிறான்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு கூரை வீடு. வாசலில் அங்கமுத்துவும் பூவாத்தாளும் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்கள். ஆடு மாடு உள்ளே வராமல் பார்ப்பதும், விமானம் கிளம்பும்போது முன்விசிறியைக் கையால் சுற்றிவிடுவதும் அங்கமுத்துவின் வேலை.

"அன்னிக்கு என்ன பாத்தீங்க?" என்றாள் மயிலம்மாள்.

"ஏரோப்ளேன் வந்துச்சுங்க. எறங்குச்சுங்க. பொறவு போயிருச்சுங்க."

"நீ சொல்லம்மா."

"ஏரோப்ளேன் வந்துச்சுங்க," என்றாள் பூவாத்தாள். "எறங்குச்சுங்க. பொறவு போயிருச்சுங்க."

ஜெயிலில் பன்னிரண்டு வருஷம் இதைத்தான் கேட்டிருக்கிறாள் மயிலம்மாள். நிஜம் பேசுகிறவள் சிந்திச் சிதறிப் பேசுவாள். அடுப்பில் என்ன வெந்தது, யார் பெற்ற பிள்ளை அழுதது, எல்லாம் வந்து விழும். பொய்தான் இப்படிக் குளித்துத் தலைசீவிக்கொண்டு வரும்.

"எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மேலயிருந்துங்க," என்றான் அங்கமுத்து.

"தப்பிச்சோம்," என்றான் உபகாரசாமி. "கீழயிருந்து வந்திருந்தா அது பெருச்சாளி." சொல்லி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஓரத்துக்கு ஓடினான்.

பூவாத்தாளுக்கு முகம் இளகியது. "ஐயோ பாவம், பித்தம் ஏறிப்போச்சு. இருங்க, அடுப்புல கொள்ளு ரசம் கொதிக்குது, ஒரு மடக்குக் குடிங்க. சரியாப் போயிரும்." உள்ளே போய் ஒரு லோட்டா நிறையக் கொண்டுவந்தாள். அந்த அக்கறையில் பொய் இல்லை. அதுதான் மயிலம்மாளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

உபகாரசாமி ஊதி ஊதி ஒரு வாய் குடித்தான். முழுங்கவில்லை. கண் பிதுங்க அப்படியே மயிலம்மாளைப் பார்த்தான். பிறகு திரும்பித் துப்பினான்.

"அக்கா, நான் இன்னும் ஆகாசத்துலதான் இருக்கனா?"

"ஏன்டா?"

"இந்த ரசத்துல ஏரோப்ளேன் வாசம் அடிக்குது."

"வாயெல்லாம் நாறுது உனக்கு. வேற எப்புடி அடிக்கும்?"

"சத்தியமாக்கா. மோந்து பாருங்க. மிளகு போட்டு, சீரகம் போட்டு, கொஞ்சம் என்ஜினும் போட்டிருக்காங்க."

அங்கமுத்து சட்டென்று லோட்டாவுக்குக் கை நீட்டினான். அவன் கை வருவதற்குள் மயிலம்மாள் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். பூண்டு, பெருங்காயம். அதற்கு அடியில் மெல்லிசாக, காலையிலிருந்து அவள் சேலையைவிட்டுப் போகமாட்டேனென்று ஒட்டியிருந்த அதே கருகிய எண்ணெய்.

லோட்டாவைக் கீழே வைத்துவிட்டு நேராக வீட்டுக்குள் போனாள். மூலையில் ஒரு மொடாப் பானை. மூடியைத் திறந்து கையை விட்டு ஒரு பிடி கொள்ளை அள்ளி முகர்ந்தாள். அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. வெளியே வந்து மைதானத்தைப் பார்த்தாள். விமானம் நிற்கிற இடமெல்லாம் எண்ணெய் சொட்டி, தரை திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

"கொள்ளை எங்க போட்டு அடிச்சீங்க?"

அங்கமுத்து லோட்டாவை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன். கொள்ளுச் செடியை எந்தக் களத்துல போட்டீங்க?"

"எங்களுக்கு ஏதுங்க களம்?" பூவாத்தாளின் குரல் எகிறியது. "இருந்த களத்தைத்தான் ரோலர் உருட்டி மைதானம் ஆக்கிப்போட்டாங்களே! மானாவாரிக் காட்டுல வெளையற நாலு படி கொள்ளை எங்க கொண்டுபோயிக் காய வெப்பம்?"

"சும்மா இருடி," என்றான் அங்கமுத்து.

"நீ சும்மா இரு. இனி என்ன இருக்குது மறைக்க?"

"மைதானத்துல போட்டீங்க," என்றாள் மயிலம்மாள்.

"ஒரே ஒரு வெசைங்க. வருசத்துல ஒரே ஒரு வெசை. ஒரு துரும்பு கெடந்தாலும் ஊட்டைக் காலி பண்ணிப்போடுவேன்னு எசமான் சொல்லியிருக்கறாரு. ஏரோப்ளேன் அந்த வாரம் பூரா ஆத்தூர்லயே நிக்கும்னு தெரிஞ்சுதான் துணிஞ்சோம். பொழுது எறங்கக் கொண்டாந்து பரப்புனோம். மலைக்காத்துல பறக்காம இருக்கட்டும்னு கல்லு வெச்சோம். விடிஞ்சா அடிச்சு வாரிப்போடலாம்னுட்டு, எப்பவும் போலக் கருக்கல்ல ஊர்க் கெணத்துக்குத் தண்ணி எடுக்கப் போனோம்."

"எந்த விடியல்?"

பூவாத்தாள் தலையைக் குனிந்தாள். "அன்னிக்குத்தாங்க. நல்லதம்பி எசமான் செத்தன்னிக்கு."

உபகாரசாமி விசிலடிக்க உதட்டைக் குவித்தான். மயிலம்மாள் பார்த்த பார்வையில் அது காற்றாகவே போயிற்று.

"அப்ப ஏரோப்ளேன் எறங்கல."

"எப்புடிங்க எறங்கும்? மைதானத்து நடுவுல பூரா கல்லும் செடியுமாக் கெடந்துச்சே."

"பொறவு ஏன் எறங்குச்சுன்னு சொன்னீங்க?"

அங்கமுத்து இப்போது வாயைத் திறந்தான். "போலீசு மோட்டாரு சத்தம் கேட்டதும் அள்ளுனது அள்ளாதது எல்லாத்தையும் ஊட்டுக்குள்ள திணிச்சம்ங்க. இன்ஸ்பெக்டர் ஐயா வந்தாரு. ஏரோப்ளேன் எறங்குச்சான்னாரு. இல்லைன்னு சொன்னா, ஏன் எறங்கலைன்னு கேப்பாரு, மைதானத்தைப் பாப்பாரு. எறங்குச்சுன்னு சொல்லிப்போட்டா, அங்க கொள்ளு கெடந்திருக்கும்னு எவனும் நெனைக்கமாட்டான். அவ்வளவுதாங்க நாங்க ரோசிச்சது."

"யாராவது சொல்லச் சொன்னாங்களா? மிரட்டினாங்களா?"

"இல்லீங்க."

"ஏதாவது குடுத்தாங்களா?"

"இல்லீங்க."

அதைக் கேட்டதும்தான் மயிலம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காசு வாங்கிக்கொண்டு பொய் சொன்னவர்களை அவளுக்குத் தெரியும். அடிக்குப் பயந்து சொன்னவர்களையும் தெரியும். இவர்கள் ஒரு மொடாக் கொள்ளை மறைப்பதற்காக ஒரு மனிதனின் கழுத்தை எடுத்து முன்னால் வைத்திருக்கிறார்கள்.

"மிக்கேலைத் தெரியுமா உங்களுக்கு?"

"நல்ல மனுசனுங்க," என்றாள் பூவாத்தாள். "வந்து எறங்குனா ஆத்தூர் முறுக்கு கொண்டாருவாரு. ஒருநாளும் வெறுங்கையோட வந்ததில்லை."

"முறுக்குக்குப் பதில் மரியாதையா தூக்குக் கவுறு," என்றான் உபகாரசாமி. அவன் சொன்னதில் சிரிப்பு இல்லை.

பூவாத்தாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவருக்கு ஒண்ணும் ஆகாது, வெள்ளைக்கார ஜட்ஜு தொரை விட்டுருவாருன்னு பேசிக்கிட்டாங்கம்மா..."

"விடமாட்டாரு. உன்ற பேச்சைத்தான் நம்புவாரு." மயிலம்மாள் கையிலிருந்த கொள்ளை உதறினாள். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. சேலையில் துடைத்தாள், அப்போதும் போகவில்லை. "இன்னும் ஒண்ணு. கொள்ளுப் போட்டதை மிட்டாதாருகிட்டச் சொன்னீங்களா? இன்னிக்கு வரைக்கும்?"

"சொல்லிப்போட்டு இந்த ஊட்ல இருப்பமுங்களா?"

"வேற யாரும் பாக்கலியே?"

"தோப்பு மறைக்குதுங்க. பங்களாவுக்கு வந்தவங்க எல்லாம் அந்தப் பக்கத்து ரோட்டுலதான் வந்தாங்க. ஒருத்தரும் பாக்கலீங்க."

"சரி. எந்திரிங்க. நான் பேசும்போது குறுக்க வராதீங்க."

மிட்டாதார் பல்லைக் குத்திக்கொண்டே தோப்பிலிருந்து வந்தார். விரல்களில் கோழி மசால் மினுங்கியது.

"என்ன அம்மணி, முடிஞ்சுதா? கெளம்பலாமா?"

"முடியலீங்க. கேசே போச்சுங்க." மயிலம்மாள் கையை விரித்தாள். "இந்தப் புண்ணியவானுக அன்னிக்கு மைதானத்துல கொள்ளுக் காயப் போட்டிருந்தாங்களாமா. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு சாண் பாக்கியில்லாம. ஏரோப்ளேன் எறங்கவே முடியாது. நாளை மறுநாள் கோர்ட்டுல சொல்லப் போறாங்க. மிக்கேலை விட்டுருவாங்க."

மிட்டாதாரின் முகம் வெளிறியது. அங்கமுத்துவைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு எட்டுப் பின்வாங்கினான். ஆனால் அடுத்த நொடியே பல்குச்சியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"பொய்யி. எந்தக் கோடிக்கு எந்தக் கோடி? அந்தப் புளியமரத்துக்கு நேரா ஆரம்பிச்சு இந்தக் கெணத்து மேடு வரைக்கும்தான் செடி கெடந்துச்சு. கெழக்கால அத்தனையும் சும்மாத்தான கெடந்துச்சு? மிக்கேல் கெட்டிக்காரன். அந்த எடத்துல எறக்கிப்போடுவான்."

விமானத்தின் என்ஜினிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் விழுகிற சத்தம் கேட்டது.

"அங்கமுத்து," என்றாள் மயிலம்மாள், "செடி எங்கிருந்து எங்க வரைக்கும் கெடந்துச்சு?"

"புளியமரத்துல இருந்து," அவன் கையை நீட்டிக் காட்டினான், "கெணத்து மேடு வரைக்குமுங்க. எசமான் சொல்றது சரிதானுங்க."

"சரியாத்தான் இருக்கும். கண்ணுல பாத்தவரு." அவள் மிட்டாதார் பக்கம் திரும்பினாள். "பொழுது எறங்கப் போட்ட செடிங்க. போலீசு வரும்போது இல்லை. அந்த ஒரு ராத்திரியும் ஒரு விடியலும்தான் கெடந்துச்சு. நீங்க அந்த வாரம் ஆத்தூரைவிட்டு அசையவேயில்லை. பொறவு புளியமரம் எப்புடிங்க தெரிஞ்சுது?"

"இவந்தான்... இவந்தான் சொன்னான்."

"நாங்க சொல்லலீங்க!" பூவாத்தாள் அலறினாள். "சொன்னா ஊடு போயிரும்னுதான் இத்தனையும்!"

"நீங்க போலீசுகிட்டச் சொன்னபடியே, ராத்திரி ஆத்தூர்ல சாப்புட்டீங்க, காலையில பத்து மணிக்கு ஆத்தூர் மில்லுல இருந்தீங்க," என்றாள் மயிலம்மாள். "நடுவுல கார்ல போயி வர ஆறு மணி நேரம் போதும். ஆனா ரோட்டைப் பத்தி எவன் கேட்டான்? எல்லாரும் மேலேயே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாங்க. அதுக்குத்தான் மிக்கேலை, இதுக ரெண்டும் தண்ணிக்குப் போற நேரமாப் பாத்துப் பறக்கச் சொன்னீங்க. வேலையை முடிச்சுப்போட்டு யாரும் பாக்காம இந்தப் பக்கமா வந்தா, மைதானத்துல கொள்ளு. போட்ட திட்டம் அத்தனையும் மண்ணு. ஊருக்குத் திரும்பிப் போறப்ப வயிறு கலங்கியிருக்குமே? பொறவு பாத்தா, இதுக ரெண்டும் தானாவே வந்து, எறங்குச்சு சாமின்னு சாட்சி சொல்லுது!"

"அதிர்ஷ்டம்னா இதுதாங்க," என்றான் உபகாரசாமி. "கொலைகாரனுக்குச் சம்பளம் இல்லாம ரெண்டு வேலைக்காரங்க."

மிட்டாதார் ஓடினார். அந்த உடம்புக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ, கண்மூடித் திறப்பதற்குள் விமானத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். ஜன்னல் வழியே தலை நீண்டது.

"டேய் அங்கமுத்து! சுத்துடா!"

அங்கமுத்துவின் கால் தானாக நடந்தது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். முன்னால் போய் நின்றான். இரண்டு கையையும் விசிறியின் மேல் வைத்தான். உபகாரசாமி பாயப் போனவனை மயிலம்மாள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

"சுத்துடாங்கறேன்! இந்த ஊட்டை உன்ற பேர்ல எழுதி வெக்கறேன். களம் போட்டுக்க, மாடு கட்டிக்க, என்னவோ பண்ணிக்க! சுத்து!"

அங்கமுத்து விசிறியைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். கையை எடுத்து வேட்டியில் துடைத்தான்.

"நீங்களே எறங்கிச் சுத்திக்குங்க."

இறங்கிச் சுற்றினால் உள்ளே ஓட்ட ஆள் இல்லை. மிட்டாதார் உள்ளேயிருந்து கெட்ட வார்த்தையாகக் கொட்டினார். பக்கத்துக் கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வந்து விமானத்தைச் சுற்றி நின்றார்கள். களைக்கொத்தைக் கீழே போடாமலே நின்றார்கள். உபகாரசாமி காவல்காரனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் பறந்தான்.

அங்கமுத்து மயிலம்மாளின் முன்னால் வந்து கைகூப்பினான். கண் கலங்கியிருந்தது. மயிலம்மாள் அந்தக் கையைப் பார்க்கவும் இல்லை.

"என்னைக் கும்புடாதே. எனக்குக் குமட்டுது. ரெண்டு மாசமா ஒருத்தன் சாவை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கறான். நீங்க ரசம் வெச்சுக் குடிச்சீங்க." அவள் பூவாத்தாளின் பக்கம் திரும்பினாள். "கோர்ட்டுல ரோசி உக்காந்திருப்பா. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும். பொய்ச் சாட்சி சொன்னதுக்கு உங்களையும் கூண்டுல ஏத்தினாலும் ஏத்துவாங்க. சொல்லுவியா?"

"ஊடு போயிருமுங்களா?"

"போயிரும்."

பூவாத்தாள் வீட்டுக்குள் போனாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு மாற்றுச் சேலையை மூட்டை கட்டி இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தவில்லை.

"சேலத்துக்கு எந்தப் பக்கங்க நடக்கோணும்?" என்று கேட்டாள்.